வெளிநாட்டுக்குப் போன படையின் செலவை நாடாளுமன்றத் தாள்களில் தேடும் விதம்

பொங்கல் கழிந்த மறுவாரம் அண்ணன் பேரன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, கூடவே குரூப் 2 தேர்வுக்கும் படிக்கிறான். “சின்னத் தாத்தா, எங்க தாத்தா இலங்கைக்குப் போனாரே, அந்தச் சண்டைக்கு கவர்மெண்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும்?” என்று கேட்டான்.

நான் பாலக்கோடு, பென்னாகரம் சார்நிலைக் கருவூலங்களில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பார்த்தவன். ஒரு பட்டியலில் பத்து ரூபாய் உதைத்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவேன். பேரன் கேட்டதற்கு என்னால் ஒரு எண் சொல்ல முடியவில்லை. அது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து வரவு செலவுத் தாள்கள், நிலைக்குழு அறிக்கைகள், கேள்வி பதில்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. அந்த வீடுகளில் யாராவது இதைத் தேட ஆரம்பித்தால் வழி தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. “செலவு” என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் தாளைத் திறந்தால் நாள் முழுக்கப் புரட்டினாலும் ஒன்றும் கிடைக்காது.

உங்களிடம் ஒரு டிராக்டர் இருக்கிறது, மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரைவரும் இருக்கிறார் என்று வையுங்கள். காரிமங்கலத்தில் மச்சான் வீட்டு உழவுக்கு ஒரு மாதம் வண்டியை அனுப்புகிறீர்கள். என்ன செலவு? டீசலும் டிரைவருக்குக் கொடுத்த படியும் கூடுதல் செலவு, அதில் சந்தேகமில்லை. டிரைவர் சம்பளம்? வண்டி கொட்டகையில் நின்றாலும் அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த மாதம் நம் காட்டில் உழவு நடக்காததால் மிச்சமான டீசலைக் கழிக்க வேண்டும். டயர் தேய்ந்தது, கலப்பைக் கொழு முறிந்தது. ஆறு மாதம் கழித்து எஞ்சின் கைவிட்டால், அதில் மச்சான் காட்டின் பங்கு எவ்வளவு? ஒரே பயணத்துக்கு இப்படிப் பல விதமாகக் கணக்குச் சொல்லலாம், எதுவும் பொய்யில்லை. ராணுவம் வெளிநாடு போவதும் இதே கணக்குத்தான். சம்பளம் உட்பட எல்லாவற்றையும் கூட்டினால் முழுச் செலவு. எப்படியும் ஆகியிருக்கும் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால் நிகரக் கூடுதல் செலவு. அதன்பிறகு வருடக்கணக்கில் வந்துகொண்டே இருப்பது பின்விளைவுச் செலவு. யாராவது ஒரு தொகையைச் சொன்னால், இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். யூடியூபில் சொல்லும் தொகைகளுக்கு இந்த ஒரு கேள்வியே போதும், பாதி உதிர்ந்துவிடும்.

அடுத்தது, நம் நாட்டில் நாடாளுமன்றத்தின் பிடி எங்கே இருக்கிறது என்பது. படையை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று நம்மிடம் சட்டம் இல்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை உடனே இலங்கையில் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரிகோணமலையை விட்டுக் கிளம்பும்போது ஏறக்குறைய 1,200 வீரர்களை இழந்திருந்தோம். அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் அரசின் கையில். நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது பணப்பை. அரசியலமைப்பின் 113, 114ஆம் உறுப்புகளின்படி ஓர் அமைச்சகம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைக்கு மக்களவை வாக்களித்து, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறினால்தான் ஒரு ரூபாயைத் தொடலாம். ஆகவே பணத்தின் வழியாகத்தான் நாமும் போக வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு மானியக் கோரிக்கைகள். அமைச்சகத்தின் சிவில் செலவு, படைகளின் வருவாய்ச் செலவு (சம்பளம், எரிபொருள் போன்ற அன்றாடச் செலவு), மூலதனச் செலவு (வண்டி, ஆயுதம் வாங்குவது), ஓய்வூதியம். 2025-26க்கு எல்லாம் சேர்த்து 6.81 லட்சம் கோடி ரூபாய், அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. பட்ஜெட் தாள்களோடு பாதுகாப்புப் படைகளின் மதிப்பீடுகள் என்று ஒரு தனிப் புத்தகமும் வரும். அதைத்தான் திறக்க வேண்டும். கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும், எல்லாம் மேஜர் ஹெட் என்ற பெருந்தலைப்பு, அதற்குள் மைனர் ஹெட் என்ற சிறுதலைப்புதான். 2076 தரைப்படை, 2077 கடற்படை, 2078 விமானப்படை. 2076க்குள்ளே 101 சம்பளமும் படிகளும், 105 போக்குவரத்து, 110 பண்டங்கள், 111 கட்டுமானப் பணிகள். ஓய்வூதியம் 2071இல் வரும். ஒவ்வொரு வரிக்கும் நேரே முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று நாலு கலம் இருக்கும்.

இந்தப் புத்தகத்தில் “இலங்கை” என்றோ “காங்கோ” என்றோ “லெபனான்” என்றோ தேடாதீர்கள். செலவு ஊர் வாரியாக எழுதப்படுவதில்லை, பொருள் வாரியாக எழுதப்படுகிறது. பேரனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு விளங்கவில்லை. அவன் தாத்தாவின் கணக்கையே எடுத்துக் காட்டினேன்.

அண்ணன் தரைப்படையில் லாரி ஓட்டுநர். 1988இல் வவுனியாவுக்கு அந்தப்பக்கம் கண்ணிவெடியில் வலதுகால் பாதம் போனது. அந்த ஒரு வெடியின் செலவு எங்கெங்கே போய் உட்காருகிறது பாருங்கள். அன்று அவர் வாங்கிய சம்பளமும் படியும் 101. சிதைந்த லாரிக்குப் பதில் வந்த லாரி மூலதனக் கணக்கில். அவரைத் தூக்கி வந்த ஹெலிகாப்டரின் எரிபொருள் விமானப்படைக் கணக்கில். ராணுவ ஆஸ்பத்திரி, பூனாவில் செயற்கைக்கால் மையம், சில வருடத்துக்கு ஒருமுறை தேய்ந்த காலை மாற்றியது, இதெல்லாம் மருத்துவச் செலவுக்குள். 1990இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் எல்லாம் 2071.

அந்த 2071ஐத்தான் நான் கண்ணெதிரே பார்த்தேன். அண்ணனின் பி.பி.ஓ., அதாவது ஓய்வூதியம் கொடுக்கச் சொல்லும் ஆணை, நான் வேலை பார்த்த கருவூலத்திலேயே இருந்தது. பி.பி.ஓ. இரண்டு பாதி. ஒன்று கருவூலத்தில், இன்னொன்று ஓய்வூதியர் கையில். ஒவ்வொரு மாதப் பட்டுவாடாவையும் கட்டத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். அவர் தாளில் இரண்டு தொகை இருந்தது, பணிக்கான ஓய்வூதியமும் ஊனத்துக்கான கூறும். சொந்த அண்ணன் என்பதால் அந்தப் பட்டியலை நான் தொடமாட்டேன், பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிடுவேன். ஆனாலும் லெட்ஜரைப் புரட்டும்போது கண் அங்கே போய் நிற்கும். எங்கள் கணக்கில் அது முதலில் சஸ்பென்ஸ் தலைப்பில், அதாவது உரிய இடம் சேரும்வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தலைப்பில், ஏறும். பிறகு மாநிலக் கணக்காயர் வழியாகப் பாதுகாப்புக் கணக்குத் துறைக்குப் போய் கடைசியில் ஓய்வூதியத் தலைப்பில் சேரும். கட்டம் கட்டமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிய அந்தத் தாளில் “இலங்கை” என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. 2013இல் அண்ணன் போனபிறகு அண்ணிக்குக் குடும்ப ஓய்வூதியம். இப்போது ஸ்பர்ஷ் கணினி முறையில் நேரே வங்கிக்கு வருகிறது. 1990இல் முடிந்த நடவடிக்கைக்கு இந்த மாதமும் செலவு எழுதியிருக்கிறார்கள்.

“அப்போ தனியாப் பிரிச்சு எழுதவே முடியாதா?” என்றான் பேரன். முடியும். 2076க்குள் 112 என்று ஒரு மைனர் ஹெட் இருக்கிறது, ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படைக்கு மட்டும். தரைப்படை ஆட்களைக் கொண்டே காஷ்மீரில் இயங்கும் படை அது. அதற்குத் தனியாக ஒரு வரி போட்டு வருடாவருடம் அவையில் வைக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட பணிக்கான செலவைப் பிரித்துக் காட்டுவதற்கு நம் கணக்கு முறையிலேயே இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வெளிநாட்டுப் பணிகளுக்கும் ஒரு மைனர் ஹெட் திறக்கலாம். ரகசியம் வெளியே போய்விடும் என்று சொல்வார்கள். 112இன் மொத்தத் தொகையைப் பார்த்து எந்தப் பகைவனாலும் எந்த முகாமையும் கண்டுபிடிக்க முடியாது.

மற்ற நாடுகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். என்ன கேட்கலாம் என்பது அங்கே நடப்பதைப் பார்த்தால்தான் நமக்கு உறைக்கும்.

ஜெர்மனியில் 2005இல் ஒரு சட்டம் போட்டார்கள். படையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைத் தாளில் பணி என்ன, எந்த இடம், அதிகபட்சம் எத்தனை வீரர், எத்தனை காலம் என்பதோடு, எவ்வளவு செலவாகும், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதியே ஆகவேண்டும். போவதற்கு முன்பே விலைச்சீட்டு மேசைக்கு வந்துவிடுகிறது.

பிரிட்டனில் ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தில் நிகரக் கூடுதல் செலவைப் பாதுகாப்பு அமைச்சகம் தன் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து எடுக்காமல், கருவூலத்தின் இருப்பு நிதியிலிருந்து வாங்கிக்கொண்டது. அதை ஆண்டின் நடுவே துணை மதிப்பீடுகளில் காட்ட வேண்டும். அங்கேதான் அவர்களுடைய பாதுகாப்புக் குழு பிடித்துக்கொண்டது. துணை மதிப்பீடு வரும்போதெல்லாம் இரண்டு நாட்டுக்கும் எவ்வளவு, போன முறையைவிட ஏன் கூடியது என்று தனி அறிக்கையே போட்டார்கள். அப்படியிருந்தும் முழுத்தொகை ஒரே இடத்தில் வர வருடங்கள் ஆயின. ஈராக் விசாரணைக் குழு 2016 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைதான், 2003 முதல் 2009 வரை நேரடிச் செலவு குறைந்தது 920 கோடி பவுண்டு என்று கூட்டிச் சொன்னது.

அந்த விசாரணையில் நடந்த ஒன்றை நான் பேரனுக்குப் பாடமாகவே சொன்னேன். 2010 மார்ச் 5 அன்று பிரதமர் கோர்டன் பிரவுன் குழுவின் முன் சாட்சி சொன்னார். விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் பாதுகாப்புச் செலவு ஒவ்வோர் ஆண்டும் உயர்ந்தது என்றார். பன்னிரண்டே நாளில், மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்தில் எழுந்து, ஓரிரு ஆண்டுகளில் அப்படி உயரவில்லை என்று ஒப்புக்கொண்டார். எண்கள் அட்டவணையாக ஏற்கெனவே வெளியில் கிடந்ததால்தான் அது நடந்தது. மேடைப்பேச்சையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால் போதும். பார்க்கும்போது விலைவாசியைக் கழித்த தொகையா கழிக்காத தொகையா என்பதையும் பாருங்கள்.

எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது கனடாக்காரர்கள் செய்தது. 2008 அக்டோபரில் அவர்களுடைய நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலர் ஆப்கானிஸ்தான் பணியின் செலவைக் கணக்கிட்டார். 2011 வரை 1,810 கோடி கனடா டாலர் வரை ஆகலாம் என்றார். படையின் கூடுதல் செலவோடு அவர் நிறுத்தவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கும் காயம்பட்டவர்களுக்கும் வருங்காலத்தில் கொடுக்கப்போவதையும் சேர்த்தார். அதாவது, எங்கள் லெட்ஜரில் பெயரில்லாமல் ஓடிய கட்டங்களை அவர் போரின் கணக்கிலேயே எழுதினார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வருடத்தில் எந்தெந்த நேரத்தில் எந்தத் தாள் வெளியே வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவது பாதி முடிந்த மாதிரி.

பிப்ரவரி 1 பட்ஜெட். நான்கு கோரிக்கைகளும் பாதுகாப்பு நிலைக்குழுவுக்குப் போகும். இதில் மக்களவை 21, மாநிலங்களவை 10 என்று 31 பேர். இந்தத் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல்தான் வந்தன. அண்ணன் இலங்கையில் இருந்த காலத்தில் மானியக் கோரிக்கையை வாக்கெடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து படிக்க இப்படி ஒரு குழு பாதுகாப்புத் துறைக்கு இல்லவே இல்லை. குழு அதிகாரிகளை வரவழைத்துக் கேட்டு, மார்ச்சில் அறிக்கை தரும். அறிக்கையில் கேள்வியும் அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வ பதிலும் அப்படியே இருக்கும். அவையில் நடக்கும் விவாதத்தைவிட இதில் சாரம் அதிகம். ஏனென்றால் நேரம் முடிந்ததும் விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி வாக்குக்கு விட்டுவிடுகிறார்கள், கில்லட்டின் என்பார்கள். 2018 மார்ச்சில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கையும் அப்படி விவாதமே இல்லாமல் அரைமணி நேரத்தில் நிறைவேறியது. படைவீரன் வீட்டு ஆளாக எனக்கு அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

குழுவின் பரிந்துரைக்கு அரசு மூன்று மாதத்தில் பதில் தர வேண்டும். பிறகு குழு இன்னொரு அறிக்கை போடும், எடுக்கப்பட்ட நடவடிக்கை அறிக்கை என்று. பெரும்பாலானவர்கள் முதல் அறிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் இந்த இரண்டாவதைத் தேடி எடுங்கள், நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்கவில்லை என்பவை எல்லாம் அங்கே தொகுத்திருக்கும். எங்கே இழுபறி, யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது அந்தப் பத்துப் பதினைந்து பக்கத்தில் தெரிந்துவிடும். ஐந்தாம் அத்தியாயத்தில் இடைக்காலப் பதில்கள், அதாவது இன்னும் முடியாதவை.

மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர், பிறகு பட்ஜெட் கூட்டத்தொடர் என்று வருடத்தில் இரண்டு அல்லது மூன்று தவணையில் துணை மானியக் கோரிக்கை வரும். 115ஆம் உறுப்பு. திடீரென்று படை அனுப்பினால், வருட ஆரம்பத்தில் எழுதாத செலவு முதலில் இங்கேதான் தலைகாட்டும். கோரிக்கைக்குக் கீழே ஏன் கேட்கிறோம் என்று இரண்டு மூன்று வரி விளக்கம் இருக்கும். தொகையைவிட அந்த விளக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். அவை கூடாத நேரத்தில் அவசரம் என்றால் எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது. 500 கோடியாக இருந்ததை 2021இல் 30,000 கோடி ஆக்கினார்கள். அதிலிருந்து எடுத்தாலும் பிறகு நாடாளுமன்றத்தில் வாங்கித்தான் திரும்பக் கட்ட வேண்டும். ஆகவே அதன் தடமும் துணைக் கோரிக்கையில் விழும்.

எல்லாம் முடிந்து ஓர் ஆண்டோ அதற்கு மேலோ கழித்துத் தணிக்கை வரும். சிஏஜி என்னும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 151ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் வழியாக அவையில் வைக்கப்படும். பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து விசாரிக்கும். 22 பேர், 1967லிருந்து எதிர்க்கட்சி உறுப்பினர்தான் தலைவர். தணிக்கை எதைப் பிடிக்கும் என்பதற்குக் கார்கில் நல்ல உதாரணம். அது நம் மண்ணில் நடந்தது, வெளிநாட்டுப் பணி இல்லை. ஆனாலும் அவசரக் கொள்முதல் எப்படி நடக்கும் என்பதை 2001இல் அவையில் வைத்த சிஏஜி அறிக்கை போல வேறெதுவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சண்டைக்கென்று அவசரமாக வாங்கியவற்றில் பெரும்பகுதி சண்டை ஓய்ந்தபிறகுதான் வந்து சேர்ந்தது என்று தேதி போட்டுக் காட்டியிருந்தார்கள். வாங்கிய தேதி, வந்த தேதி, தேவைப்பட்ட தேதி. நானும் இப்போது எந்த ராணுவக் கொள்முதல் செய்தியைப் படித்தாலும் இந்த மூன்றையும் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகளில் சிலவற்றை இப்போது இணையத்தில் ஏற்றுவதில்லை. அவையில் வைத்த நாள் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐநா அமைதிப்படைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். நம் வீரர்கள் லெபனான், கோலான், காங்கோ, தெற்கு சூடான் என்று போகிறார்கள். வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐநா நம் அரசுக்குத் திருப்பித் தருகிறது. 2018 ஜூலையில் அந்த விகிதம் 1,428 டாலராக இருந்தது. கொண்டுபோகும் வண்டி, கருவிகளுக்குத் தனித் தொகை. இது அரசுக்கு வரும் ஈட்டுத்தொகை, வீரரின் சம்பளம் இல்லை. ஐநாவில் பணம் முடங்கினால் தாமதமாக வரும். ஆகவே இங்கே செலவை மட்டும் கேட்டால் படம் பாதிதான் தெரியும். வந்த தொகை எவ்வளவு, நிலுவை எவ்வளவு, எந்தத் தலைப்பில் வரவு வைக்கிறார்கள் என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி? இதில் நான் அடிபட்டுத்தான் கற்றேன். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். இலங்கை நடவடிக்கைக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்று. கேட்ட வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால் பிழை என் பக்கமும் இருந்தது. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிற தாளைத்தான் தரச் சொல்லும், நமக்காகப் புதிதாகக் கூட்டல் போடச் சொல்லாது. அதில் போவதானால் தொகையைக் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். எட்டாவது பிரிவில் நாட்டின் பாதுகாப்புக்கு விலக்கு இருப்பதையும் மனதில் வையுங்கள்.

கூட்டல் போடச் சொல்லும் உரிமை எம்.பி.க்கு உண்டு. கேள்வி நேரம் அதற்குத்தான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் மக்களவையில் நாளுக்கு இருபதுதான், அதிலும் சில மட்டுமே வாய்மொழிப் பதிலுக்கு வரும். எண் வேண்டும் என்றால் குறியிடாத கேள்வியே நல்லது, எழுத்தில் அட்டவணையோடு வரும். பதினைந்து முழுநாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். 150 சொல்லைத் தாண்டக்கூடாது. வெளியில் கிடைக்கும் ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டாலும், இயல்பிலேயே ரகசியமானதைக் கேட்டாலும் தள்ளிவிடுவார்கள்.

ரகசியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எந்தப் படைப்பிரிவு எப்போது கிளம்புகிறது என்று யாரும் கேட்கக்கூடாது. அண்ணன் அங்கே இருந்தபோது அவர் லாரி எந்தச் சாலையில் போகும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முடிந்த நிதியாண்டுகளைக் கேளுங்கள், மொத்தத் தொகையைக் கேளுங்கள். அதனால் எந்த வீரனுக்கும் ஆபத்தில்லை.

கேட்பதற்கு முன் பழையது இருக்கிறதா என்று பாருங்கள். சன்சத் என்ற நாடாளுமன்ற இணையதளத்தில் கேள்வி பதில்களை அமைச்சகம், ஆண்டு வாரியாகத் தேடலாம். இ-பார்லிப் என்ற மின்னூலகத்தில் 1987-90 காலத்து விவாதங்களும் இருக்கின்றன. இலங்கைக்குப் போன படையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான ஐ.பி.கே.எஃப். என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். எந்தத் தொகை கிடைத்தாலும் கேள்வி எண், தேதி, எந்த அவை, எந்த அமைச்சர் என்று நான்கையும் சேர்த்து நோட்டில் எழுதாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். பதிலில் “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்று இருந்தால் அது அரசு தந்த உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் கேள்வி எண்ணைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

எம்.பி. ஒருவருக்கு முதலில் நான் எழுதிய கடிதம் மூன்று பக்கம். அண்ணன் கதையையெல்லாம் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. இரண்டாவது முறை பேரனை உட்காரவைத்து, அவர்கள் அப்படியே நோட்டீஸில் எழுதிக்கொள்ளும் வடிவிலேயே எழுதச் சொன்னேன். அது இப்படி:

“பாதுகாப்புத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஐநா அமைதிகாப்புப் பணிகளுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையினர் எண்ணிக்கை, ஆண்டு வாரியாக;
(ஆ) இப்பணிகளுக்காக, வழக்கமான சம்பளம் நீங்கலாக, ஏற்பட்ட கூடுதல் செலவு, ஆண்டு வாரியாக, கணக்குத் தலைப்பு வாரியாக;
(இ) ஐநாவிடமிருந்து பெற்ற ஈட்டுத்தொகை, நிலுவை, அது வரவு வைக்கப்படும் தலைப்பு;
(ஈ) வெளிநாட்டுப் பணிகளின் செலவைத் தனிச் சிறுதலைப்பில் காட்டும் யோசனை அரசிடம் உள்ளதா. இல்லையெனில் காரணம் என்ன?”

இலங்கையை ஏன் முதலில் கேட்கவில்லை என்று அவன் கேட்டான். முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது, நடப்பதைக் கேட்டால் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம், அந்த அட்டவணை வந்தபிறகு அதே வடிவில் பழையதைக் கேட்போம் என்றேன்.

எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினான். அண்ணி களிக்கு ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார். “எத்தனை பேர் போனாங்க, எவ்வளவு பணம்னு கேட்டிருக்கே. எத்தனை பேர் கை கால் போய்த் திரும்பி வந்தாங்க, அவங்களுக்கு மாசம் எவ்வளவு குடுக்கறாங்கன்னு கேக்கலையே கண்ணு?” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கனடாக் கணக்கை அவனுக்கு அவ்வளவு விளக்கிச் சொன்ன நானே அதை விட்டிருந்தேன். (உ) என்று ஒரு வரி சேர்த்தான்: இப்பணிகளில் இறந்தோர், நிரந்தர ஊனமடைந்தோர் எண்ணிக்கை, அவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஓய்வூதியத் தலைப்பில் வழங்கப்படும் தொகை. சொற்களை எண்ணினோம், 150க்குள் அடங்கியது.

ஒரு பிரதி நம் தொகுதி எம்.பி.க்கு, இன்னொன்று பாதுகாப்பு நிலைக்குழுவில் இருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவருக்கு. குழு உறுப்பினர் பட்டியல் சன்சத் தளத்திலேயே இருக்கிறது. கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கையில் போய்ச் சேரும்படி தர்மபுரி தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீது இரண்டையும் அண்ணி வாங்கி, அண்ணனுடைய பி.பி.ஓ. வைத்திருக்கும் பச்சை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.